மஹ்றூப் நானா எழுதிய ஒரு வரி

எந்தக் கட்டுரை கையில் கிடைத்தாலும் மஹ்றூப் அதைப் பின்பக்கத்திலிருந்துதான் திறப்பார். யார் எழுதியது, எதற்காக எழுதியது, படம் உண்டா என்பதெல்லாம் பிறகு. கடைசி இரண்டு பக்கங்களில் பொடி எழுத்தில் கிடக்கும், கட்டுரைக்கு உதவிய மற்றக் கட்டுரைகளின் உசாத்துணைப் பட்டியலை விரலால் தடவிக்கொண்டு கீழே இறங்குவார். வன்னி, முல்லைத்தீவு, களப்பு, குளம், இறால் என்று ஏதாவது ஒரு சொல் தட்டுப்பட்டால் விரல் நின்றுவிடும். "ஆள் ஆப்பிட்டிட்டார்" என்பார், அகப்பட்டுவிட்டார் என்று அர்த்தம். வாயில் ஒரு கராம்பைப் போட்டுக்கொண்டு கணினிக்கு முன்னால் போய் உட்காருவார்.

வவுனியாவில் ஒரு தொண்டு நிறுவனத்தின் மாடியில் இருக்கிறது அவருடைய தகவல் நிலையம். இரண்டு அறை, நான்கு அலுமாரி, ஒரு கணினி, ஒரு மின்விசிறி. மின்விசிறி மனிதருக்கு அல்ல, கணினிக்கு. வன்னியைப் பற்றி உலகத்தில் எங்கே எவர் ஆராய்ந்து எழுதியிருந்தாலும் அதன் விபரத்தைத் திரட்டி வைப்பது நிலையத்தின் வேலை. மஹ்றூப்தான் பொறுப்பாளர், எழுதுவினைஞரும் அவரே, காலையில் கூட்டுகிறவரும் அவரே. ஐம்பத்தொரு வயது. விசைப்பலகைக்குப் பழைய சாரத் துண்டில் உறை தைத்துப் போட்டிருக்கிறார். அந்த உறையின் மேல் யாராவது தேநீர்க் கோப்பையை வைத்தால், அன்றைக்கு அவருக்குத் தகவல் கிடைக்காது.

ஊர் முல்லைத்தீவு. வாப்பா கருவாட்டு வியாபாரி. நாயாற்றுக் கரையில் கருவாடு வாங்கும்போது மீனில் ஒட்டியிருக்கும் ஈரமணலை உதறிவிட்டுத்தான் நிறுப்பார், விற்கும்போதும் அப்படியே. தொண்ணூறாம் ஆண்டு ஊரிலிருந்த முஸ்லிம் குடும்பங்கள் எல்லாம் வெளியேற வேண்டி வந்தபோது, மஹ்றூப் இரண்டு பையோடு புத்தளத்துக்குப் போனார். அங்கே பன்னிரண்டு வருடம். ஒரு பாடசாலை நூலகத்தில் உதவியாளராக இருந்தார். சமாதானம் என்று பாதை திறந்ததும் திரும்பி வந்தார். முல்லைத்தீவில் வீட்டுக்குச் சுவர் மட்டும் மிச்சமிருந்தது. அதனால் வவுனியாவோடு நின்றுவிட்டார்.

நகரத்தில் அவருக்குக் 'கட்டுரை நானா' என்று பெயர். நானா என்றால் முஸ்லிம்களுக்கு அண்ணன். விவசாயப் போதனாசிரியர்கள், தாதிமார், பல்கலைக்கழக வளாகத்து மாணவர்கள், அகதி முகாம்களில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் படியேறி வருவார்கள். கேள்வி முடிய முன்னரே பதில் வந்துவிடும்.

"குளத்து மீனோ? எண்பத்தி மூண்டில ஒண்டு கிடக்கு. தண்ணி வத்தினா மீன் பெருக்காது எண்டு சொல்லுது. நல்ல கட்டுரை."

"கட்டுரையைப் பாக்கலாமோ நானா?"

"கட்டுரை கொழும்பில கிடக்கு. விசயம் இஞ்ச கிடக்கு." கணினித் திரையின் தலையில் இரண்டு தட்டுத் தட்டுவார். வந்தவர் அந்த ஒரு வரியைக் கொப்பியில் எழுதிக்கொண்டு சந்தோசமாகப் படியிறங்குவார்.

அந்த ஒரு வரிதான் மஹ்றூப்பின் புகழ். ஒவ்வொரு பதிவிலும் ஆசிரியர் பெயர், ஆண்டு, தலைப்பு, இதழின் பெயர் இவற்றுக்குக் கீழே 'இதில் என்ன இருக்கிறது' என்று ஒரு பெட்டி. அதற்குள் தமிழில் ஒரு வரி. சுருக்கமான, உறைக்கிற வரி. 2005ஆம் ஆண்டு ஆவணி மாதம் பதிவுகள் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாலு. கொழும்பிலிருந்து பணிப்பாளர் வந்து திரையைப் பார்த்துவிட்டு, இலங்கையில் வேறெங்கும் இப்படியொரு பட்டியல் இல்லை என்று சொன்னார். மஹ்றூப் கதிரையிலிருந்து எழுந்து நின்று கேட்டுக்கொண்டார்.

இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாலில் அவர் கண்ணால் கண்ட கட்டுரைகள் ஏறக்குறைய இருநூறு.

இது திட்டமிட்டு நடந்த மோசடி அல்ல. பட்டியலை வைத்திருக்கும் மென்பொருளைச் செய்தவர் சுஜிதன். நகரத்தில் கணினி வகுப்பு நடத்துகிறவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், எதையும் அரைகுறையாக விடாதவர். எந்தப் பெட்டியும் வெறுமையாக இருக்கக் கூடாது என்று அவர் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். 'இதில் என்ன இருக்கிறது' என்ற பெட்டியை நிரப்பாவிட்டால் பதிவு சேமிக்காது. மஹ்றூப் முதலில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தார். குறைந்தது ஐந்து சொல் வேண்டும் என்று சிவப்பில் வந்தது. இன்னொரு கட்டுரையின் பட்டியலில் பெயரை மட்டும் கண்டெடுத்த கட்டுரைக்கு ஐந்து சொல்லுக்கு எங்கே போவது? சுஜிதனைக் கேட்கலாம் என்றால் அவர் அந்தக் கிழமை கொழும்பில். பணிப்பாளரோ வெள்ளிக்கிழமை எண்ணிக்கை கேட்டிருந்தார். மஹ்றூப் தலைப்பைப் பார்த்தார். யோசித்தார். ஒரு வரி எழுதினார். பதிவு சேமித்தது.

அன்றைக்கு மூன்று. ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் யோசிப்பதை விட்டுவிட்டார். "தலைப்பெண்டது முகம் மாதிரி. பாத்த உடன குணம் தெரியும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சுஜிதன் கொழும்பிலிருந்து வந்த பிறகும் அந்தப் பெட்டியைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை.

நாயாற்றுக் கட்டுரையும் அப்படி வந்ததுதான். நாயாற்றுக் களப்பில் முகத்துவாரத்தை முந்தி வெட்டுதலும் இறால் விளைச்சலும் என்று ஆங்கிலத்தில் தலைப்பு. 1974. தன்னுடைய கரையைப் பற்றி ஒருவர் ஆராய்ந்திருக்கிறார் என்றதும் மஹ்றூப்புக்குக் கை பரபரத்தது. கராம்பைக்கூட மறந்துபோய் எழுதினார்: 'முகத்துவாரத்தை மழைக்கு முன்பே வெட்டிவிட்டால் இறால் விளைச்சல் கூடும்.'

நாயாற்றில் களப்பு எனும் உப்பங்கழிக்கும் கடலுக்கும் இடையில் வருடத்தின் பெரும்பகுதி ஒரு மணல்திட்டு மறித்துக்கொண்டு கிடக்கும். மாரி மழையில் களப்பு நிரம்பியதும் ஊரவர்கள் மண்வெட்டியோடு போய் வாய்க்கால் போல ஓரிடத்தில் வெட்டிவிடுவார்கள். மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். கடல் உள்ளே வரும், களப்பு வெளியே போகும். முகத்துவாரம் வெட்டுவது என்பது இதுதான். சுனாமி வள்ளங்களைக் கொண்டு போனதற்கு அடுத்த வருடம் அது. ஊருக்குக் களப்பும் இறாலும்தான் மிச்சம். மண் வெட்ட ஒரு பெக்கோ இயந்திரம் தருகிறோம் என்று ஒரு நிவாரண நிறுவனம் முன்வந்தது. மழைக்காகக் காத்திராமல் புரட்டாதியிலேயே வெட்டிவிட வேண்டும் என்று மீனவர் சங்கத் தலைவர் சிற்றம்பலம் துடித்தார். ஆய்வு ஆதாரம் இருக்கிறதா என்று நிறுவனம் கேட்டது. சிற்றம்பலம் பஸ் ஏறி வவுனியாவுக்கு வந்து, படியேறி, மஹ்றூப்பின் முன்னால் நின்றார்.

அந்த வரியை அச்செடுத்துக் கொடுத்ததோடு மஹ்றூப் நின்றிருக்கலாம். ஊர்க்கூட்டத்துக்கும் போனார்.

கூட்டத்தில் ஒரே ஒருத்திதான் எழும்பி மறுத்தாள். விமலேஸ்வரி, நாற்பது வயது, இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சுவலை எறிகிறவள். "தண்ணி ஏறாமல் வெட்டினா உள்ள கிடக்கிற குஞ்சு முழுக்கக் கடலுக்குப் போயிரும். நாலு நாளில மண் திரும்ப மூடியிரும். பிறகு மாரிக்கு வெளியில இருந்து ஒரு குஞ்சும் உள்ள வராது" என்றாள்.

சிற்றம்பலம் மஹ்றூப்பைப் பார்த்தார். மஹ்றூப் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தங்கச்சி, உது வாய்க்கதை. இது ஆராய்ச்சி."

கூட்டம் கைதட்டியது. அவள் உட்கார்ந்துவிட்டாள். பெக்கோ புரட்டாதிக் கடைசி வியாழக்கிழமைக்கு என்று முடிவாகியது. அந்த வரியை ஆதாரமாகக் காட்டிச் சங்கம் நிறுவனத்துக்குக் கடிதமும் அனுப்பியது.

அந்த வியாழனுக்கு முந்திய திங்கட்கிழமை காலை சுஜிதன் ஒரு இறுவட்டோடு மாடிக்கு வந்தார். முகத்தில் புதுமாப்பிள்ளைக் களை.

"நானா, இனிக் கட்டுரை கொழும்பில கிடக்கெண்டு ஆக்களைத் துரத்தேலாது."

மென்பொருளில் ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் அவர் ஒரு பொத்தான் சேர்த்திருந்தார். 'முழுப் பிரதி' என்று பெயர். அதை அழுத்தினால் மென்பொருள் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் தலைப்பையும் தூக்கிக்கொண்டு இணையத்தில் ஐந்து இடங்களுக்குப் போகும். முதலாம் இடத்தில் இல்லையென்றால் இரண்டாம் இடம், அங்கேயும் இல்லையென்றால் மூன்றாம் இடம். கிடைத்தால் பொத்தான் பச்சை. ஐந்திலும் இல்லையென்றால் மண்ணிறம். கொழும்பில் ஒரு ஆய்வு நூலகம் பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் போடத் தொடங்கியிருந்ததால், எழுபதுகளின் கட்டுரைகள்கூட இப்போது வருமாம்.

"ஒரு பிரச்சினைதான் இருக்கு" என்றார் சுஜிதன். "ஒரே தலைப்பில ரெண்டு கட்டுரை இருந்தா இது மாறித் தூக்கிக்கொண்டு வந்திடும். அதான் வாசிச்ச ஆள் ஒராள் பக்கத்தில இருக்க வேணும். நீங்கள் எல்லாம் வாசிச்சுத்தானே அந்த வரி எழுதினனீங்கள்? வந்தது அதுதானோ எண்டு பாத்துச் சொன்னாக் காணும்."

மஹ்றூப் விசைப்பலகையின் உறையை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தார்.

"உங்கட ஊர்க் கட்டுரையிலயே தொடங்குவம்" என்று சுஜிதன் நாயாறு என்று தட்டினார்.

தொலைபேசிக் கம்பி கீச்சிட்டது. இணைப்புக் கிடைத்தது. முதலாம் இடம், இரண்டாம் இடம், மூன்றாம் இடம். நாலாம் இடத்தில் பொத்தான் பச்சையாகியது. ஒன்பது பக்கம் இறங்கி முடியப் பதினொரு நிமிடம் ஆயிற்று. ஒவ்வொரு பக்கமும் மேலிருந்து கீழே கோடு கோடாக விரிந்தது. மஹ்றூப் வாசித்தார். ஐந்தாம் பக்கத்தில் ஓர் அட்டவணை: முந்தி வெட்டிய மூன்று வருடங்கள், பிந்தி வெட்டிய மூன்று வருடங்கள். முந்தி வெட்டிய வருடங்களில் இறால் மூன்றில் ஒரு பங்குக்கு விழுந்திருந்தது. களப்பின் தண்ணீர் கடல் மட்டத்தைவிட மூன்று அடியாவது உயராமல் வெட்டக் கூடாது. வெட்டினால் குஞ்சுகள் வடிந்து போகும், சில நாளில் மணல் திரும்ப மூடிக்கொள்ளும், மாரியில் புதுக்குஞ்சு உள்ளே வர வழியிராது.

"இதுதானே நானா?"

"ஓம்."

"அதே கட்டுரைதான்?"

"அதே கட்டுரைதான்."

சுஜிதன் தன் கொப்பியில் முதலாம் பரிசோதனைக்கு நேரே சரி போட்டார். இவன் ஒருக்கால் அந்த வரியையும் வாசித்துப் பார்த்திருந்தால் என்று மஹ்றூப் நினைத்தார். சுஜிதன் வாசிக்கவில்லை. நம்பினார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

சுஜிதன் போன பிறகு மஹ்றூப் கதவைச் சாத்திவிட்டு இன்னும் இருபது பொத்தான்களை அழுத்தினார். ஏழு கட்டுரைகள் வந்தன. நான்குக்கு அவர் எழுதிய வரி சரி. இரண்டுக்கு அரைவாசி சரி. ஒன்று முழுப்பிழை. பாதிக்கு மேல் சரியாக இருந்தது அவருக்கு ஆறுதலாக இல்லை. இந்தப் பாதிதான் தன்னை மூன்று வருடம் ஓட விட்டது என்று விளங்கியது. நாயாற்று வரியை அழித்துவிட்டுச் சரியான வரியைத் தட்டினார். கணினியில் திருத்த அரை நிமிடம் போதும். சங்கத்தின் கடிதத்தில் இருக்கிற வரியைத் திருத்த ஓமந்தை சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும்.

அன்று மாலை அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பதை மனைவி ஹாலிதா பார்த்தாள். என்ன என்று கேட்டாள். சொன்னார்.

"வாசிக்காமலோ எழுதினீங்க? அவ்வளவுமோ?"

"அவ்வளவும் இல்ல."

"நாளைக்கே போய்ச் சொல்லுங்க. நாயாறு என்ன லண்டனோ?"

செவ்வாய்க்கிழமை அவர் போகவில்லை. புதன்கிழமையும் போகவில்லை. புதன் பின்னேரம் கட்டுரையை அச்செடுத்தார். வியாழன் விடிய முதல் பஸ்சில் ஏறினார்.

ஓமந்தையில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து, மறுபக்கமும் திறந்து காட்டி, வேறு பஸ்சில் ஏறினார். வழி முழுக்க வாய்க்குள் ஒரு வசனத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார்: 'புதுசா ஒரு ஆராய்ச்சி வந்திருக்கு, அது மாறிச் சொல்லுது.' நல்ல வசனம். ஒருவருக்கும் நட்டமில்லை. குஞ்சும் தப்பும், கட்டுரை நானாவும் தப்புவார். முல்லைத்தீவில் இறங்கி, தெரிந்தவர் ஒருவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறியபோது அந்த வசனம் மனப்பாடமாகிவிட்டது.

பெக்கோ மணல்திட்டுக்குப் பக்கத்தில் ஏற்கனவே நின்றது. சங்கத்தின் தகரக் கொட்டிலில் முப்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். சிற்றம்பலம் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

"வாங்கோ தம்பி, வாங்கோ! நாள் பாத்து வந்திருக்கிறியள். நீங்கள் கைகாட்டித்தான் முதல் மண் வெட்டுறது."

"வெட்ட வேண்டாம் அண்ணை" என்றார் மஹ்றூப். "புதுசா ஒரு ஆராய்ச்சி வந்திருக்கு. இப்ப வெட்டினா இறால் குறையும் எண்டு சொல்லுது."

சிற்றம்பலத்தின் கை அந்தரத்தில் நின்றது. பின்வரிசையில் வலையோடு உட்கார்ந்திருந்த விமலேஸ்வரி எழுந்தாள்.

"எந்த வருசத்துக் கட்டுரை நானா?"

அச்செடுத்த தாள்கள் அவர் கையில் இருந்தன. முதற்பக்கத்தின் தலையில் 1974 என்று தடித்த இலக்கத்தில் இருந்தது. ஆங்கிலம் தெரியாதவருக்கும் இலக்கம் தெரியும்.

"எழுபத்தி நாலு."

"முந்தி நீங்கள் சொன்னதும் எழுபத்தி நாலு எண்டுதானே சொன்னனீங்கள்?"

"ஓம்."

"அதை எழுதினதும் இதை எழுதினதும் ஒராளோ?"

"ஒரே கட்டுரைதான் தங்கச்சி."

"பிறகென்னெண்டு ரெண்டு கதை?"

மனப்பாடம் செய்து வந்த வசனத்தில் இதற்குப் பதில் இல்லை. மஹ்றூப் தாள்களைச் சுருட்டினார்.

"அண்டைக்கு நான் அதை வாசிக்கேல்ல" என்றார். "என்னட்டக் கட்டுரை இருக்கேல்ல. தலைப்பு மட்டுந்தான் இருந்தது. மிச்சம் நானே நினைச்சு எழுதினது. போன திங்கக்கிழமைதான் வாசிச்சனான்."

"அப்ப நாங்கள் தலைப்பை நம்பியோ களப்பைத் திறக்க வெளிக்கிட்டனாங்கள்?" என்றது ஒரு குரல். நாலைந்து பேர் சிரித்தார்கள். ஏச்சாக இருந்திருந்தால் மஹ்றூப் தாங்கியிருப்பார். சிரிப்புக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

சிற்றம்பலம் சிரிக்கவில்லை. அவருடைய பேச்சில் இருந்த மரியாதை இறங்கியிருந்தது. "உன்ர வாப்பா இந்தக் கரையில முப்பது வருசம் கருவாடு வாங்கின மனுசன். ஒரு நாள் ஒரு பொய் சொன்னதில்லை. உன்னை நம்பி நான் அந்த நிறுவனத்துக்குக் கையெழுத்து வைச்சுக் குடுத்தனான், மஹ்றூப்."

"தெரியும் அண்ணை."

"என்ன தெரியும்?"

மஹ்றூப் சுருட்டிய தாள்களை விரித்தார்.

"அவரை விடுங்கோ" என்றாள் விமலேஸ்வரி. "நானா, கையில வைச்சிருக்கிறியள்தானே. வாசியுங்கோ. எல்லாரும் கேக்கட்டும். நடுவில ஒண்டும் விடாதேங்கோ."

அவர் வாசித்தார். ஒரு வசனம் ஆங்கிலத்தில், உடனே தமிழில். முதற்பக்கத்தின் முதல் எழுத்திலிருந்து. அட்டவணையின் இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். மூன்று அடி என்று வந்தபோது ஒருவர் எழுந்துபோய் களப்பில் நட்டிருந்த கம்பைப் பார்த்துவிட்டு வந்து, "ஒண்டரைகூட இல்லை" என்றார். முடிவுரையோடு மஹ்றூப் நிறுத்தப் பார்த்தார். திங்கட்கிழமையும் அவர் வாசித்தது அவ்வளவுதான்.

"முடிஞ்சுதோ?" என்றாள் அவள்.

"நன்றி சொல்லுற பகுதி ஒண்டு கிடக்கு."

"அதையும் வாசியுங்கோ."

தண்ணீர் அளக்க உதவிய உத்தியோகத்தர் இருவரின் பெயர். படகு தந்த ஒருவரின் பெயர். பிறகு: 'முகத்துவாரம் எப்போது வெட்டப்பட வேண்டும் என்பதை எங்களுக்கு முதலில் விளக்கிச் சொன்னவர் நாயாற்று மீனவர் மாயாண்டி. எங்கள் அளவீடுகள் அவர் சொன்னதை உறுதிசெய்தனவே அன்றி, அதற்கு மேல் எதையும் கூட்டவில்லை.'

மஹ்றூப் நிமிர்ந்தார். எல்லோரும் விமலேஸ்வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாயாண்டியர்" என்றார் சிற்றம்பலம் மெதுவாக. "இவளின்ர தேப்பன்."

தகப்பன் செத்துப் பதினொரு வருடம். விமலேஸ்வரி வலையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். பாவாடையில் கையைத் துடைத்தாள்.

"எந்த இடத்தில கிடக்கு பேர்?"

மஹ்றூப் விரலை வைத்துக் காட்டினார். அவள் குனிந்து அந்த எழுத்துகளை நெடுநேரம் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அண்டைக்கு வாய்க்கதை எண்டியள்."

அவளுடைய குரலில் கோபம் இருந்திருந்தால் அவர் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அது வெறும் தகவல் போல இருந்தது.

வெளியே பெக்கோச் சாரதியிடம் யாரோ போய்ச் சொன்னார்கள். இயந்திரம் ஒருமுறை உறுமி அடங்கியது. திகதி மாற்றியதற்குக் காரணம் கேட்பார்கள், ஆதாரத்தோடு இன்னொரு கடிதம் எழுத வேண்டும், ஆங்கிலம் தெரிந்தவர் வேறொருவரும் இல்லை என்று சிற்றம்பலம் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். சங்கத்தின் மேசையில் கடதாசி வைத்தார்கள். மஹ்றூப் உட்கார்ந்து எழுதினார். களப்பின் தண்ணீர் மூன்று அடி ஏறிய பிறகே வெட்டப்படும் என்றும், முன்னைய கடிதத்தில் இருந்த வரி பிழையானது என்றும், அதை எழுதியவர் கட்டுரையை வாசிக்காமல் எழுதினார் என்றும், அவருடைய பெயர் மஹ்றூப் என்றும் எழுதினார். கடைசியில் 'ஆதாரம்' என்று எழுதி, கட்டுரையை எழுதியவரின் பெயரைப் போடப் போன கை நின்றது. சிறிது இடம் விட்டு, 'மாயாண்டி' என்று முதலில் எழுதினார். கட்டுரையில் அந்தப் பெயர் மொட்டையாகத்தான் இருந்தது. தாளிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டார்:

"தங்கச்சி, உங்கட அப்பாவின்ர முதலெழுத்து என்ன?"